போயிங்குக்குப் பொன்னாடை

நம்மூரில் பாராட்டு விழா நடத்த மூன்று பொருள் போதும்: மேடை, மைக், பொன்னாடை. பாராட்டுக்குரியவர் என்ன சாதித்தார் என்பது இரண்டாம்பட்சம். ஆனால் நான் இன்று பொன்னாடை போர்த்தப் போகிறவர்கள் உண்மையிலேயே சாதித்தவர்கள். 'புதிய பொருளின் வெற்றி அதை உருவாக்கும் குழுவின் திறனில் இருக்கிறது' என்று மேலாண்மைக் கல்லூரிகளில் ஒரு பாடம் உண்டு. வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, முக்கோணத்துக்குள் மனிதர்களை அடைத்து விளக்குவார்கள். மாணவர்கள் கொட்டாவி விடுவார்கள். அதே பாடத்தை எவரும் மறக்க முடியாதபடி, கால் நூற்றாண்டு பாடுபட்டு, பங்குதாரர் பணத்திலும் பயணிகள் உயிரிலும் நடத்திக் காட்டியவர்கள் அமெரிக்காவின் போயிங் நிறுவனத்தை ஆண்ட மேலாளர்கள். அவர்களுக்கு முறையான பாராட்டு விழா எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்த வாழ்த்துமடல்.

விழா என்றால் முதலில் குலப்பெருமை பேச வேண்டும். அதில் குறைவில்லை. 1960-களில் ஜோ சட்டர் என்ற பொறியாளர் தலைமையில் ஒரு கூட்டம் சேர்ந்தது. எவரெட் நகரில் ஆலையைக் கட்டிக்கொண்டே, அந்த ஆலைக்குள் உலகம் அதுவரை பார்த்திராத அளவில் ஒரு விமானத்தையும் கட்டினார்கள். 747 என்ற அந்த விமானம் 1969 பிப்ரவரி 9 அன்று முதன்முதலாகப் பறந்தது. இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

அடுத்த தலைமுறையில் 777 வந்தது. 1990-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் முழக்கமே 'ஒன்றாக உழைப்போம்' என்பதுதான். முழக்கம் எல்லாக் கம்பெனிச் சுவரிலும் தொங்கும். இங்கே அது சுவரை விட்டு இறங்கி வேலை செய்தது. வடிவமைப்பவரும், பாகம் செய்பவரும், பழுது பார்ப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்த 200-க்கும் மேற்பட்ட குழுக்கள். விமானத்தை வாங்கப் போகும் 8 விமான நிறுவனங்களின் ஆட்களும் ஆரம்பத்திலிருந்தே கூட இருந்தார்கள். இதற்கெல்லாம் தலைவராக இருந்த ஆலன் முலாலி என்ற பொறியாளர், ரகசியத்தை யாராலும் நிர்வகிக்க முடியாது என்று அடிக்கடி சொல்வார். சிக்கல் இருக்கிறதா, வாயைத் திற. திறந்தவனை யாரும் கடிக்க மாட்டார்கள் என்பது அதன் பொருள். 1994 ஜூனில் 777 பறந்தது. 1995 ஜூனில் பயணிகளை ஏற்றியது. ஊர் கூடித் தேர் இழுத்தால் நிலைக்கு வரும் என்பதற்கு அமெரிக்கச் சான்று வேண்டுமென்றால் அது இதுதான்.

இப்படிப்பட்ட கூட்டத்தைக் கலைப்பது லேசான காரியமா? அதைக் கலைத்துக் காட்டினார்களே, அதற்குத்தான் முதல் பொன்னாடை.

1997-இல் போயிங் சுமார் 1,300 கோடி டாலர் மதிப்பில் மெக்டொனல் டக்ளஸ் நிறுவனத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. வாங்கியது போயிங். ஆனால் விருந்துக்கு வந்தவர் சாவிக்கொத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்ட கதையாயிற்று. போயிங்கின் பணத்தைக் கொண்டே மெக்டொனல் டக்ளஸ் போயிங்கை வாங்கிவிட்டது என்று போயிங்கின் சொந்த ஊரான சியாட்டிலில் ஒரு நகைச்சுவை உலவியது. அங்கிருந்து வந்த ஹாரி ஸ்டோன்சைஃபர் பின்னால் தலைமைப் பதவிக்கே வந்தார். போயிங்கின் பண்பாட்டை மாற்றிவிட்டீர்களே என்று சொன்னவர்களுக்கு 2004-இல் அவர் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொன்னார்: ஆமாம், அதுதான் நோக்கம், சிறந்த பொறியியல் நிறுவனமாக அல்லாமல் வியாபாரமாக நடத்த வேண்டும் என்பதற்காகவே செய்தேன் என்று. கொலைக்கான நோக்கத்தைக் காவல்துறை தேடி அலைய வேண்டிய அவசியமே வைக்காத நேர்மை! பொன்னாடையின் சரிகைக்கரை அவருக்கே உரியது.

பொறியாளர்கள் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 2000 பிப்ரவரி 9, அதாவது 747 பறந்த நாளிலிருந்து சரியாக 31 ஆண்டு கழித்து, ஆயிரக்கணக்கான போயிங் பொறியாளர்களும் தொழில்நுட்ப ஊழியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கழுத்தில் அடையாள அட்டையும் சட்டைப்பையில் பேனாவுமாகப் பழகியவர்கள் 40 நாள் மறியல் தட்டியைப் பிடித்து நின்றார்கள். நாங்கள் இல்லாமல் விமானம் இல்லை என்பதுதான் அவர்கள் தட்டியில் இருந்த சேதி. அதைப் படித்து மேலிடம் என்ன செய்தது? அடுத்த ஆண்டே தலைமையகத்தைச் சியாட்டிலிலிருந்து சிகாகோவுக்கு மாற்றியது. காரணமாக வேறு ஏதேதோ சொன்னார்கள். விமானம் செய்பவன் கத்தினால் காதில் விழாத தூரம் கிட்டியதென்னவோ உண்மை. 2022-இல் அங்கிருந்தும் கிளம்பி வாஷிங்டன் அருகே ஆர்லிங்டனுக்குப் போனார்கள். ஆலையை விட்டு எவ்வளவு விலகினாலும் அரசாங்கத்தின் பக்கத்தில் இருக்க வேண்டும் அல்லவா?

777-ஐக் கட்டிய முலாலிக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். 2005-இல் தலைமைப் பதவி காலியானபோது, ஜெனரல் எலக்ட்ரிக்கிலும் 3எம்-இலும் பழுத்த ஜேம்ஸ் மெக்நெர்னி வெளியிலிருந்து வந்து அமர்ந்தார். முலாலி 2006-இல் ஃபோர்டு கார் நிறுவனத்துக்குப் போய்விட்டார். 2009 நெருக்கடியில் ஜெனரல் மோட்டார்ஸும் கிறைஸ்லரும் திவாலாகி அரசிடம் கையேந்தியபோது ஃபோர்டு அந்த வரிசையில் நிற்கவில்லை. சமைக்கத் தெரிந்தவரைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அகப்பையை மட்டும் பளபளவென்று தேய்த்து வைத்துக்கொண்டது போயிங். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

இரண்டாவது பொன்னாடை 787 'ட்ரீம்லைனர்' விமானத்துக்கு.

புது விமானம் ஒன்றை உருவாக்கப் பெரும்பணம் வேண்டும். பணத்தையும் போடக்கூடாது, விமானமும் வேண்டும். வழி கண்டுபிடித்தார்கள். பாகங்களில் சுமார் 70 சதவீதத்தை வெளியாருக்குக் கொடுத்துவிடுவது. பாகம் செய்வது மட்டுமல்ல, வடிவமைப்பதும் அவர்கள் பாடு. இறக்கை ஜப்பானில், உடலின் துண்டுகள் இத்தாலியிலும் தெற்கு கரோலைனாவிலும் இன்னும் பல இடங்களிலும். போயிங்குக்கு மிச்சம் இருந்த வேலை எல்லாவற்றையும் ஒட்டுவது. வேலையை எல்லாம் வெளியே கொடுத்தால் லாபமும் வெளியேதான் போகும் என்று நிறுவனத்தின் சொந்தப் பொறியாளரான ஹார்ட்-ஸ்மித்தே 2001-இல் கட்டுரை எழுதி எச்சரித்திருந்தார். அவர் மெக்டொனல் டக்ளஸ் பக்கத்திலிருந்து வந்தவர். அந்தக் கோளாறின் ருசியை ஏற்கெனவே கண்டவர். பட்டவன் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

2007 ஜூலை 8. அமெரிக்க முறையில் எழுதினால் 7/8/07 வரும். ஆகவே அன்றைக்கே வெளியீட்டு விழா. பாட்டு, விளக்கு, ஆயிரக்கணக்கான கூட்டம், டிவி பிரபலம். கதவு திறந்து 787 வெளியே வந்தது. உள்ளே பார்த்தால் வெறும் கூடு. இணைக்க வேண்டிய கருவிகள் இல்லை. பல இடங்களில் தற்காலிகத் திருகாணிகள். பந்தக்கால் நட்டு, மேளம் வைத்து, பத்திரிகை அடித்துக் கொடுத்த பிறகு மாப்பிள்ளை எங்கே என்று கேட்டால் நல்ல நேரம்தான் முக்கியம் என்று சொல்வதைப் போல. வெளியிலிருந்து வந்த துண்டுகள் பாதி வேலையோடு வந்தன. என்ன மிச்சம் என்ற விவரம்கூட ஒழுங்காக வரவில்லை. விமானம் உண்மையில் பறந்தது 2009 டிசம்பர் 15 அன்று. முதல் வாடிக்கையாளர் கைக்குப் போனது 2011 செப்டம்பரில், சொன்ன காலத்துக்கு மூன்று ஆண்டுக்கும் மேல் தாமதமாக. 2013 ஜனவரியில் பேட்டரிகள் புகைந்து உலகம் முழுவதும் 787 தரையில் நின்றது. கூட்டாளிக்குச் சொந்தமான தெற்கு கரோலைனா ஆலையை 2009-இல் போயிங்கே காசு கொடுத்து வாங்கி வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டது. விசிடா நகரில் இருந்த தன் ஆலையை 2005-இல் விற்று, அது 'ஸ்பிரிட்' என்று பெயர் மாறிச் சம்பாதித்து நொடித்த பிறகு, 2025-இல் அதையும் திருப்பி வாங்கியது. சொந்தக் கையை அடகு வைத்து வட்டியோடு மீட்பதற்கு வியாபாரச் சாமர்த்தியம் என்று பெயர்.

கட்டிய வீட்டை இடித்து மறுபடி கட்டுவதோடு இந்த விளையாட்டு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டு மைக்கை வைத்திருப்பேன்.

மூன்றாவது பொன்னாடை 737 மேக்ஸுக்கு.

2010 டிசம்பரில் போட்டி நிறுவனமான ஏர்பஸ், எரிபொருள் மிச்சமாகும் புதிய என்ஜினோடு ஏ320 நியோவை அறிவித்தது. 2011 ஜூலையில் போயிங்கின் நெடுநாள் வாடிக்கையாளரான அமெரிக்கன் ஏர்லைன்ஸ், ஏர்பஸ்ஸிடம் 260 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. போயிங்குக்கு வயிற்றைக் கலக்கியது. புதிய விமானம் வடிவமைக்க நேரமில்லை, மனமும் இல்லை. 1967-இல் முதன்முதலாகப் பறந்த 737-இன் உடம்பில் பெரிய என்ஜினைப் பொருத்திவிடலாம் என்று 2011 ஆகஸ்டில் முடிவாயிற்று.

737 தரைக்கு நெருக்கமாக உட்காரும் விமானம். பெரிய என்ஜின் அடியில் இடம் கொள்ளாது. ஆகவே என்ஜினை முன்னால் தள்ளி மேலே தூக்கி மாட்டினார்கள். அதனால் சில நிலைகளில் மூக்கு தேவைக்கு மேல் தூக்கிக்கொள்ளும் போக்கு வந்தது. அதை அடக்க எம்காஸ் என்ற மென்பொருள் ஏற்பாடு. மூக்கு தூக்கினால் அதுவே பின்னால் இருக்கும் இறக்கையைத் திருப்பிக் கீழே அழுத்தும். முதலில் அதன் அழுத்தம் 0.6 டிகிரி. பிறகு சத்தமில்லாமல் 2.5 டிகிரி ஆனது. ஒருமுறை அழுத்தி நிற்காது. மறுபடி மறுபடி அழுத்தும். இவ்வளவு அதிகாரம் கொண்ட ஏற்பாடு யாருடைய பேச்சைக் கேட்டது? விமானத்தின் வெளியே இருக்கும் இரண்டு கோண சென்சார்களில் ஒன்றே ஒன்றின் பேச்சை. அந்த ஒன்று பொய் சொன்னால்? இரண்டு சென்சார்களும் முரண்பட்டால் எச்சரிக்கும் விளக்கு, தனி விலை கொடுத்து வேறொரு கருவியும் வாங்கியவர்களுக்கு மட்டுமே எரிந்தது. அது எல்லோருக்கும் எரியவில்லை என்பது போயிங்குக்கு 2017-இலேயே தெரியும். திருத்தத்தை 2020-க்குத் தள்ளிப்போட்டார்கள்.

இது பொறியியல் தெரியாதவர்கள் செய்ததல்ல. தெரிந்தவர்களைக் கொண்டே செய்ததுதான் சாதனை. ஏனென்றால் வடிவமைப்பைத் தீர்மானித்தது வானத்தின் விதியல்ல, ஒரு விற்பனை வாக்குறுதி. விமானிகளுக்கு சிமுலேட்டர் பயிற்சி தேவைப்படாது என்று சொல்லி மேக்ஸை விற்றார்கள். தேவைப்பட்டால் விமானத்துக்கு 10 லட்சம் டாலர் தள்ளுபடி என்று சவுத்வெஸ்ட் விமான நிறுவனத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள். அப்படியென்றால் எம்காஸ் ஒரு பெரிய விஷயமாகவே இருக்கக் கூடாது. விமானிகளின் கையேட்டிலிருந்து அதன் விளக்கத்தையே எடுத்துவிட்டார்கள். நோயைச் சொன்னால் மருந்து கேட்பார்கள். நோயைச் சொல்லாமல் விட்டால் செலவில்லை.

2016-இல் நிறுவனத்துக்குள்ளேயே எடுத்த ஒரு கணக்கெடுப்பில், அரசின் சார்பாகப் பாதுகாப்பைச் சரிபார்க்கும் ஊழியர்களில் 39 சதவீதம் பேர் தங்கள் மீது தேவையற்ற அழுத்தம் இருப்பதாகச் சொன்னார்கள். கோமாளிகள் வடிவமைத்து, குரங்குகள் மேற்பார்வை பார்க்கும் விமானம் என்று ஓர் ஊழியர் இன்னோர் ஊழியருக்கு 2017-இல் எழுதினார். குழுவுக்குத் தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்ல வேண்டாம். குழுவுக்குத் தெரியும். அறிவு இருந்தது, அந்த அறிவுக்கு மேலே போகப் படிக்கட்டு இல்லை. 777 காலத்தில் கூட்டத்தில் எழுந்து சொல்லியிருக்கக்கூடியதை, 2017-இல் ஒருவருக்கொருவர் கிசுகிசுத்து வயிற்றெரிச்சலைத் தீர்த்துக்கொண்டார்கள்.

2018 ஜூனில், மேக்ஸ் கட்டும் ரென்டன் ஆலையின் மூத்த மேலாளர் எட் பியர்சன், தனக்கு மேலே இருந்தவருக்கு எழுதினார்: ஆட்கள் களைத்துவிட்டார்கள், வேகம் தாங்கவில்லை, உற்பத்தியை நிறுத்துங்கள், என் குடும்பத்தை போயிங் விமானத்தில் ஏற்றவே தயக்கமாக இருக்கிறது என்று. உற்பத்தி நிற்கவில்லை. மாதத்துக்கு 47 விமானம் என்றிருந்தது 52 ஆகிக்கொண்டிருந்தது.

இந்தோனேசியாவின் லயன் ஏர் 2017-இல் தன் விமானிகளுக்கு சிமுலேட்டர் பயிற்சி வேண்டும் என்று யோசித்தது. அதை எப்படித் தடுப்பது என்று போயிங் ஊழியர் ஒருவர் பதறி எழுதிய செய்தியில் அந்த வாடிக்கையாளருக்கு அவர் கொடுத்த பட்டம் 'முட்டாள்கள்'. பயிற்சி கேட்டவன் முட்டாள்.

2018 அக்டோபர் 29. அதே லயன் ஏர். ஜகார்த்தாவிலிருந்து கிளம்பிய 610-ஆம் விமானத்தில் ஒரு சென்சார் பொய் சொன்னது. எம்காஸ் மூக்கை அழுத்த, டெல்லியைச் சேர்ந்த 31 வயது விமானி இழுத்துப் பிடித்தார். மறுபடி அழுத்தியது; மறுபடி இழுத்தார். 20 தடவைக்கும் மேல். கடைசியில் துணை விமானியிடம் பிடியைக் கொடுத்துவிட்டுக் கையேட்டைப் புரட்டினார். எதோடு மல்லுக்கட்டுகிறோம் என்ற விளக்கம் அந்தக் கையேட்டில் இல்லை. எடுத்தவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். 189 பேர் கடலில் போனார்கள்.

அப்போதாவது நிறுத்தினார்களா? அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அந்த டிசம்பரில் ஒரு கணக்குப் போட்டது. திருத்தாமல் விட்டால் மேக்ஸ் விமானங்களின் ஆயுட்காலத்தில் இப்படி 15 விபத்துவரை நடக்கலாம் என்றது கணக்கு. கணக்கைப் போட்டுவிட்டு, மென்பொருள் திருத்தம் வரும்வரை பறக்கட்டும் என்று விட்டார்கள். 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் 302, அடிஸ் அபாபாவிலிருந்து கிளம்பிய 6 நிமிடத்தில் வயல்வெளியில் புதைந்தது. 157 பேர். இரண்டும் சேர்ந்து 346.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் நிஜமாகவே கோணல். கட்டியவர்களோ ஆடியவர்களின் காலைக் குறை சொன்னார்கள். வெளிநாட்டு விமானிகளுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று ஒரு பேச்சு பரவியது. அடுத்து, மணிக்கு 9 டாலர் கூலிக்கு வேலை செய்த இந்திய மென்பொருள் பையன்கள் மேல் கண் போனது. மேக்ஸ் சம்பந்தப்பட்ட வேறு மென்பொருள் வேலைகளை இந்திய நிறுவனங்களுக்குக் கொடுத்தது உண்மை. எம்காஸ் அவர்கள் கைபட்டதல்ல என்று போயிங்கே சொல்லிவிட்டது. எம்காஸ் மென்பொருள், எழுதிக் கொடுக்கப்பட்ட விவரக்குறிப்பின்படி அச்சுப்பிசகாமல் வேலை செய்தது, பிசகியது விவரக்குறிப்பு. அதை எழுதியவர்கள் அமெரிக்காவில், நல்ல சம்பளத்தில், குளிரூட்டிய அறையில் இருந்தார்கள். 9 டாலர் கொடுத்தால் 9 டாலர் திறமைதான் வரும் என்று எள்ளிநகையாடியவர்கள், கோடிக்கணக்கில் வாங்கியவரிடமிருந்து என்ன வந்தது என்று கேட்கவில்லை.

நாம் கேட்போம். புதிய விமானம் செய்யப் பணமில்லை என்ற அதே நிறுவனம், 2013 முதல் 2019 வரை தன் பங்குகளைத் தானே திருப்பி வாங்கச் செலவிட்ட தொகை சுமார் 4,300 கோடி டாலர். 2019 டிசம்பரில் பதவி நீக்கப்பட்ட தலைமை நிர்வாகி டென்னிஸ் மியூலன்பர்க் வெளியே எடுத்துப்போனது சுமார் 6.2 கோடி டாலர். நிறுவனத்தின் மீது குற்ற வழக்கு வந்தது. தனி மனிதராகக் கூண்டில் ஏற்றப்பட்டவர் ஒரே ஒருவர். நடுத்தட்டில் இருந்த ஒரு தொழில்நுட்ப விமானி. 2022-இல் ஜூரி அவரையும் குற்றமற்றவர் என்று அனுப்பியது. மேலிருந்தவர்கள் பக்கம் கூண்டின் கதவே திறக்கவில்லை. அமெரிக்க வரலாற்றிலேயே அதிக உயிர் குடித்த நிறுவனக் குற்றம் என்று கருதத் தக்கது என 2023-இல் எழுதிய நீதிபதியே, அரசு வழக்கைத் திரும்பப் பெற்றதால் 2025 நவம்பரில் மனமில்லாமல் அதைத் தள்ளுபடி செய்தார்.

சரி, பாடம் படித்திருப்பார்கள் என்கிறீர்களா? 2024 ஜனவரி 5. போர்ட்லாண்டிலிருந்து ஏறிய அலாஸ்கா ஏர்லைன்ஸின் புத்தம்புது மேக்ஸ் விமானத்தில், கதவு வைக்காத இடத்தை அடைக்கும் பலகை வானத்தில் பிய்த்துக்கொண்டு போனது. பக்கத்து இருக்கைகள் காலியாக இருந்ததால் யாரும் சாகவில்லை. காரணம், 4 போல்ட் பூட்டவில்லை. ரென்டன் ஆலையில் ஆணிகளைச் சரிசெய்ய அந்தப் பலகையைக் கழற்றியிருக்கிறார்கள். கழற்றியதற்குப் பதிவேட்டில் ஒரு வரி இல்லை. கதவுப் பிரிவில் 24 பேர். அந்தப் பலகையை முன்பு கழற்றிப் பழகியவர் அவர்களில் ஒரே ஒருவர். அன்று அவர் விடுமுறையில் இருந்தார்.

இதுதான் ஐயா குழுத் திறன். வட்டம், அம்புக்குறி, முக்கோணம் எதுவும் வேண்டாம். வேலை தெரிந்தவர் இருக்க வேண்டும். ஒருவராக இல்லாமல் பலராக இருக்க வேண்டும். அவர் 'வேண்டாம்' என்றால் அது தலைமையகம்வரை கேட்க வேண்டும். இந்த மூன்றையும் ஐம்பது ஆண்டில் சேர்த்தார்கள், இருபது ஆண்டில் விற்றார்கள். ஆலையை வாங்கலாம், என்ஜினை வாங்கலாம், தன் பங்கையே வாங்கலாம்; 'வேண்டாம்' என்று சொல்லிப் பழகிய ஒரு கூட்டத்தைக் கலைத்தால் காசு கொடுத்து வாங்கக் கடையில்லை. இந்த வித்தையை இன்றும் வணிகக் கல்லூரிகளில் 'செலவுக் குறைப்பு' என்ற பெயரில் படித்துவிட்டு வருகிறவர்கள் உங்கள் பாலத்தையும், உங்கள் மருந்தையும், உங்கள் பிள்ளை ஏறும் பஸ்ஸையும் வடிவமைக்கும் குழுக்களுக்குத் தலைவராகிறார்கள். அடுத்த முறை ஒரு நிறுவனம் அனுபவசாலிகளை அனுப்பிவிட்டு 'மெலிந்து வலுவாகிவிட்டோம்' என்று அறிக்கை விட்டால் கைதட்டாதீர்கள். யார் எலும்பு தெரிகிறது என்று பாருங்கள்.

கையில் இன்னும் ஒரு துணி மிச்சம் இருக்கிறது. இது பொன்னாடை அல்ல. நம் வழக்கத்தில் இறந்தவர் மேல் போர்த்துகிற கோடி. 2019 மார்ச் 17 அன்று அடிஸ் அபாபாவின் திருத்துவப் பேராலயத்துக்கு எத்தியோப்பியக் கொடி போர்த்திய சவப்பெட்டிகள் ஊர்வலமாக வந்தன. பெட்டிகளுக்குள் உடல் இல்லை. அடக்கம் செய்ய உறவினர்களுக்குக் கொடுக்கப்பட்டது, விமானம் விழுந்த பள்ளத்திலிருந்து அள்ளிய கருகிய மண், பைக்கு ஒரு கிலோ.